கோட்டுக்குள் சமையல்

எண்ணெய்ப் புட்டியில் கோடு போடுவது கணவர் வேலை. அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்காமல் இரண்டு பேருக்குச் சமைப்பது அவள் வேலை. தினமும் காலையில் பேனாவோடு வருவார். ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி. முப்பது வருடம் லாரி எடைமேடையில் குமாஸ்தாவாக இருந்தவர். எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்ப்பார். அந்த ஒரு எண்ணெய்க்குத்தான் வீட்டில் அளவு கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து பிழைத்தவர் போட்ட சட்டம். மீன் நின்றது. வேர்க்கடலை டப்பா பக்கத்து வீட்டுக்குப் போனது. அந்த வீட்டுக்காரி, உங்க வீட்டுப் பாத்திரத்துக்கு சோப்பே வேண்டாமே என்று சிரித்தாள். இவளும் சிரித்து வைத்தாள். சாப்பிட்டு எழுந்த ஒரு மணி நேரத்தில் பசிக்கும். குதிகால் பிளந்து, தோல் பழைய சுவர் மாதிரி உதிர்ந்தது. கரண்டியைக் கழுவுமுன் விரலால் வழித்து முழங்கையில் தடவிக்கொள்வாள். அவர் வருவதற்குள் கை மணக்கிறதா என்று ஒருமுறை முகர்ந்தும் பார்ப்பாள்.

இன்று அவருக்குப் பரிசோதனை. ஃபைலை அடுக்கி வைக்கச் சொல்லியிருந்தார். அடியில் நான்காக மடித்த ஒரு தாள், மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியோடு. ஆஸ்பத்திரியில் உணவு முறை சொல்லும் அம்மா எழுதிக் கொடுத்தது. பொரித்தது வேண்டாம். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று தேக்கரண்டி நல்ல எண்ணெய், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, வாரம் இருமுறை மீன். எண்ணெயை அடியோடு நிறுத்தக் கூடாது. கடைசி வரிக்குக் கீழே அந்த அம்மாவும் ஒரு கோடு போட்டிருந்தாள்.

அவர் பேனாவோடு வந்தபோது தாள் புட்டியின் பக்கத்தில் விரிந்து கிடந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல்முறை பார்ப்பவர் போல நிதானமாகப் படித்தார்.

“இது எல்லாருக்கும் பொதுவா எழுதிக் குடுக்கறது.”

“அந்த எல்லாருல நானும் ஒருத்திதானேங்க?”

“கட்டில் பக்கத்துல நின்னு நீதான சொன்ன? நீங்க பொழச்சு வந்தா போதும், நீங்க சொல்றபடிதான் இனிமே சமையல்னு.”

சொன்னாள்தான். அழுதுகொண்டே சொன்னாள். அன்று அவர் அதைக் கேட்கும் நிலையில் இருந்ததாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

“அது உங்க உடம்புக்குச் சொன்னது,” என்றாள். “என் உடம்புக்கு நான் யாரைக் கேக்கணும்?”

அவர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்றைய கோட்டைப் போட்டார். பேனாவை மூடினார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சமையலறையை விட்டு வெளியே போனார்.