பார் சார்ட்டில் இல்லாத நடவு

பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு பாசன வாய்க்காலின் மதகை இடித்துப் புதிதாகக் கட்டினோம். சைட் இன்ஜினியர் நான்தான். எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் மொத்தமும் தள்ளும் என்று கலர் கலராகக் கோடு போட்ட என் பார் சார்ட்டைப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கும். ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்ற தெனாவெட்டில், வேலை நடக்கும்போது தண்ணீரைச் சுற்றிவிடும் மாற்று வாய்க்காலையே திட்டத்திலிருந்து தூக்கிவிட்டேன்.

தளம் போடும் வாரத்தில் சித்தாள் பெண்கள் ஆறு பேரும் வரவில்லை. விசாரித்தால், மதகுக்கு மேலே, மேல்மடையில் அவர்களில் ஒருவருடைய பம்ப்செட் வயலில் நடவாம். பைக்கை எடுத்துக்கொண்டு போய் வரப்பில் நின்று கத்தினேன்.

"கூலி நாங்கதானே கூட குடுக்குறோம்? இப்படி அம்போன்னு விட்டுட்டு வந்தா எப்படிக்கா?"

எங்களிடம் கலவை சுமக்கும் அக்கா ஒருவர் சேற்றிலிருந்து நிமிர்ந்தார். "இதுக்குக் கூலி கெடையாது சார். நாங்க ஆறு பேரும் மாத்தி மாத்தி நட்டுக்குவோம். இன்னைக்கு நான் வரலன்னா எனக்கு யாரு வருவா? ஒங்க மதகுக்குக் கீழதான் மூணு மா நெலம், ஒரு ஏக்கர், குத்தகைக்கு எடுத்திருக்கேன். நாத்துக்கு இருபத்திரெண்டு நாளாச்சு."

இங்கே நடாவிட்டால் அவருக்கு ஆள் இல்லை. நட்டால் மதகு முடியாது, அவர் வயலுக்குத் தண்ணீர் இல்லை. நாற்றோ முற்றிக்கொண்டே போகிறது. மாற்று வாய்க்காலைத் தூக்கி அவரை இப்படி மாட்டிவிட்டது நான்தான்.

அன்றே கான்ட்ராக்டரிடம் தப்பை ஒப்புக்கொண்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு, மாற்று வாய்க்காலை வெட்ட ஆரம்பித்தேன். அதற்குள் ஆற்றில் தண்ணீர் வந்து வேலைக்காக நாங்கள் குறுக்கே போட்டிருந்த மண் கரையில் முட்டி நின்றது. அது சுற்றி வந்து அவர் வயலில் பாயும்போது நாற்றுக்கு முப்பத்துமூன்று நாள். முற்றிய நாற்று அவ்வளவாகத் தூர் கட்டாது என்பதால் குத்துக்கு இரண்டு மூன்று நாற்று கூடுதலாக வைத்து நட்டார்கள்.

சாயங்காலம் போய் நின்றேன். "தப்பு என்னோடதுக்கா. வெளைச்சல் கொறையும்ல?"

"கொறையத்தான் செய்யும்," என்றார். கை கழுவிக்கொண்டே கேட்டார்: "தளம் என்னைக்கு சார் போடணும்? சொல்லுங்க, ஆறு பேரும் வந்துடுறோம்."

வெட்கமாக இருந்தது. இத்தனை மாதத்தில் நான் ஒரு தடவைகூட அவரிடம் நடவு என்றைக்கு என்று கேட்டதில்லை.