மோராவை வரைந்தவள்

ஸ்டெய்ன்வோரைத் தெரியாத குழந்தை இந்தத் தீவில் இல்லை என்று எழுதத்தான் எனக்கு ஆசை. எழுதினால் பொய். அவள் வரைந்த ஆட்டை எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும், அவளை ஒரு பிள்ளைக்கும் தெரியாது. தலைநகர் ரெய்க்யவிக்கில் முப்பது வருஷமாகப் புத்தகக் கடையில் நிற்பவள் சொல்கிறேன், நம்புங்கள்.

ஆட்டின் பெயர் மோரா. பதினான்கு புத்தகங்கள் வந்தன. கதை எழுதியவர் ஹால்பியோர்ன். கதை என்றால் என்ன கதை? முதல் புத்தகத்துக்கு அந்த மனிதர் கொடுத்தது அரைத் தாள். ஓர் ஆடு இருந்தது, அதற்குக் கோபம் வந்தது, மலையை விட்டு இறங்க மாட்டேன் என்றது. அவ்வளவுதான். கிழிந்த காது, மூக்கைச் சுளித்து முறைக்கிற முறைப்பு, பின்னங்காலைப் பரப்பி நிற்கிற திமிர், எல்லாம் ஸ்டெய்ன்வோர் போட்டது. செப்டம்பரில் மலையிலிருந்து ஆடுகளை இறக்கிப் பட்டியில் பிரிக்கும்போது, வருஷம் தவறாமல் போய்ச் சேற்றில் நின்று வரைவாள். மழையில் சாயம் நிற்காது, பென்சில்தான்.

"என்ன ஸ்டெய்ன்வோர், ஆடு ஒழுங்கா நின்னு காட்டுதா?" என்று பட்டிக்காரன் கிண்டல் பண்ணுவான்.

"உன்னைவிட அழகா நிக்குது, போய் வேலையப் பாரு," என்பாள்.

அட்டையில் ஹால்பியோர்ன் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இவள் பெயர் உள்ளே, அச்சகத்தின் முகவரிக்குக் கீழே. ஒருமுறை வானொலியில், மோராவுக்குக் காது எப்படிக் கிழிந்தது என்று அவரைக் கேட்டார்கள். சின்ன வயதில் தான் வளர்த்த ஆடு, நாய் கடித்தது என்று அளந்தார் பாருங்கள் ஒரு கதை! அன்று ஸ்டெய்ன்வோர் என் வீட்டுச் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அடியே தோர்தீஸ், அது மை சிந்தினதுடி," என்றாள். "அதை மறைக்கத்தான் காதைக் கிழிச்சு விட்டேன்."

"அட்டையில பேர் போடச் சொல்லேன்டி."

"சொல்லாமலா? அடுத்த பதிப்புல பாக்கலாம்னு பதிப்பகத்துல சொல்றாங்க."

அதற்குப் பிறகு ஒன்பது பதிப்பு வந்தது. அட்டையில் அவள் பெயர் வரவில்லை.

ஹால்பியோர்ன் காலமானார். அவளுக்கு அப்போது அறுபத்திரண்டு. தானே எழுதித் தானே வரைந்து ஒரு புத்தகம் போடப் போகிறேன் என்றாள். கலங்கரை விளக்கத்தில் தனியாகக் குளிர்காலத்தைக் கழிக்கும் கிழட்டுப் பூனையின் கதை. மூன்று வருஷம் உட்கார்ந்தாள். நான் பார்த்த படங்களில் அதுபோல ஒன்று இல்லை, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

"ஒரே ஒரு பிள்ளை என் பேரைச் சொல்லிப் புத்தகம் கேக்கணும். அது போதும்டி எனக்கு," என்றாள்.

இங்கே புத்தகம் விற்பது கிறிஸ்துமஸுக்குத்தான். நவம்பரில் அந்த வருஷத்துப் புத்தகப் பட்டியல் வீட்டுக்கு வீடு வந்து விழும். யாருக்கு எதைப் பரிசு கொடுப்பது என்று அதில்தான் குறித்து வைப்பார்கள். அத்தனை புத்தகங்களுக்கு நடுவே காணாமல் போகாமல் இருக்க, 'மோராவை வரைந்தவரின் புதிய புத்தகம்' என்று அட்டையில் போடலாம் என்றது பதிப்பகம். இவள் சீறினாள்.

"அந்த ஆளு செத்த பிறகும் என் அட்டையில ஏறி உக்காரணுமா? என் பேர் மட்டும் போதும்."

உன் பேர் யாருக்குடி தெரியும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். "அதுவும் சரிதான்," என்றேன். அந்த வாயை இன்றைக்கும் திட்டிக்கொள்கிறேன்.

பட்டியலில் அவள் புத்தகம் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில், கம்பளிப் பின்னல் புத்தகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒருவரும் கேட்டு வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி வாரம் என்ன வாங்குவது என்று தெரியாமல் மாமன்களும் சித்தப்பன்களும் வந்து முழிப்பார்கள் அல்லவா, அவர்கள் கையில் திணித்தேன்.

"இந்த வருஷம் பிள்ளைங்க எல்லாம் இதைத்தான் கேக்குது. எடுத்துக்கோங்க."

வாய் கூசாமல் சொன்னேன். நாற்பத்து மூன்று பிரதி போனது. அவள் தினமும் போன் பண்ணி, "பிள்ளைங்களே கேட்டு வருதா?" என்பாள். "வருதுடி," என்பேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து கடை திறக்கும் முதல் நாள், மாற்றும் நாள். பரிசாக வந்தது பிடிக்காதவர்கள், ஒரே புத்தகம் இரண்டு வந்தவர்கள், எல்லாரும் மாற்றுச் சீட்டு ஒட்டிய புத்தகத்தோடு வரிசையில் நிற்பார்கள். அன்று பார்த்து ஸ்டெய்ன்வோர் டப்பா நிறையக் கிளெய்னாப் பலகாரம் பொரித்து எனக்காக எடுத்து வந்தாள். மேசையில் திரும்பி வந்த அவளுடைய பூனைப் புத்தகம் பன்னிரண்டு பிரதி குவிந்திருந்தது. மறைக்க நேரமில்லை.

வரிசையில் முன்னால் நின்ற ஒருவர் பதின்மூன்றாவதை வைத்தார். கூடவே அவருடைய சின்ன மகள்.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா யார் போட்டதுன்னே தெரியல. மோரா இருக்கா?"

சிறுமி அதற்குள் அலமாரியிலிருந்து மோராவை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஸ்டெய்ன்வோர் குனிந்தாள்.

"இந்த ஆட்டை யாரு செஞ்சது, தெரியுமா கண்ணு?"

"ஹால்பியோர்ன்!"

"பாத்தீங்களா, அஞ்சு வயசுதான்!" என்று அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"கெட்டிக்காரி," என்றாள் ஸ்டெய்ன்வோர். அவர்கள் மோராவை வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒரு பிள்ளையாவது கேட்டு வந்துச்சா, தோர்தீஸ்?"

"இல்லை."

"எல்லாம் நீ தள்ளிவிட்டதா?"

தலையாட்டினேன். டப்பாவை வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என் வீட்டுக்குக் காபி குடிக்க வரவில்லை. நான் போன் பண்ணினால் எடுப்பதில்லை.

இந்த நவம்பரில் பட்டியல் வந்தது. மூன்றாம் பக்கம் முழுக்க மோராவின் பதினைந்தாவது புத்தகம். ஹால்பியோர்னின் பழைய தாள்களில் கிடைத்த கதையாம், அட்டையில் அவர் பெயர்தான். ஆட்டின் முறைப்பைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. கடையில் எழுபது பிரதி விற்றேன். யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. மாற்றித் தரச் சொல்லி ஒருவரும் வரவில்லை.