சுப்ரியா சீட்டு ஃபேன்

கரண்ட்டை மிச்சம் பிடிக்க ஓர் ஆளை நியமிக்கச் சொல்லி உத்தரவு வந்த அன்று, அந்த மாநகராட்சி வட்டார அலுவலகத்தில் எல்லோரும் திடீரென்று ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். ஸ்டெல்லா மட்டும் நிமிர்ந்திருந்தாள். அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அவளுக்கென்ன, வீட்டில் புருஷனா பிள்ளையா என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். ஒண்டியாக இருப்பவர்களின் நேரம் ஊருக்கே சொந்தம் போலிருக்கிறது.

அவர் சொன்னது பொய்யில்லை. ஸ்டெல்லாவின் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்தராபாத் வந்து ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவரும் அம்மாவும் போன பிறகு லோத்குண்டா வீட்டில் அவள் மட்டும்தான். தம்பி எட்வின் ஊரின் மறுகோடியில், கொண்டாப்பூரில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு கேக் வரும், ஆள் வரமாட்டான். அலுவலகத்தில் தெலுங்கு, கடையில் உருது என்று நாள் ஓடிவிடும். அவள் தமிழ் பேசுவது மதியச் சாப்பாட்டு வேளையில் மட்டும், பக்கத்துச் சீட்டு சுப்ரியாவோடு.

சுப்ரியா செகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழில் கேட்டால் பாதித் தெலுங்கில் பதில் சொல்லுவாள்.

“ரசம் பாகுந்தி ஆண்ட்டி.”

“நல்லா இருக்குன்னு சொன்னா வாய் வலிக்குமாடி?”

“சரே, நல்லா இருக்கு.”

ஸ்டெல்லா காலையில் எழுந்து ரசம் வைத்ததே இதற்காகத்தான். தனக்கு மட்டுமென்றால் மோர்சாதத்தோடு முடித்துக்கொள்வாள்.

தலையில் கட்டிய வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. சாப்பாட்டு வேளையில் விளக்கை அணைத்தாள். தூங்கி வழிந்த கம்ப்யூட்டர்களை நிறுத்தினாள். முணுமுணுத்தவர்கள் மெல்லப் பழகிக்கொண்டார்கள். ஒரு விஷயத்தில்தான் மசியவில்லை. காலி நாற்காலிக்கு மேல் ஃபேன் ஓடினால் ஆள் டீக்குப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று அர்த்தம். ஃபேன் நின்றிருந்தால் ஆள் அலுவலகத்திலேயே இல்லை. எந்த உத்தரவிலும் எழுதாத இந்தச் சட்டத்தை அதிகாரி முதல் அட்டெண்டர் வரை எல்லோரும் மதித்தார்கள். ஸ்டெல்லா இரக்கம் பார்க்காமல் அந்த ஃபேன்களையும் நிறுத்தினாள்.

சுப்ரியாவின் ஃபேனைத் தவிர. மூன்று மணி வாக்கில் சுப்ரியா துப்பட்டாவை நாற்காலியில் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து மகளை அழைத்துப் போய் அம்மா வீட்டில் விட்டு வருவாள். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஸ்டெல்லாவுக்குக் கண் தெரியாது.

அட்டெண்டர் கோபிக்குத் தெரிந்தது. “உங்க சிநேகிதிக்கு மட்டும் கரண்ட் ஓசியா மேடம்?” என்று தெலுங்கில் கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். ஸ்டெல்லாவுக்குச் சுருக்கென்றது. நேர்மை ஒன்றைத்தான் அவள் தன் சொத்தென்று நினைத்திருந்தாள்.

அன்றே, சுப்ரியா கிளம்பியதும் எழுந்துபோய் அந்த ஸ்விட்சைத் தட்டினாள். நாலு பேர் பார்க்க வேண்டுமென்றே தட்டினாள். பார்த்தார்கள். அவர்களோடு, மின்சாரச் சிக்கனத்தைப் பார்வையிட, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்ற பெரிய அதிகாரியும் பார்த்தார்.

அவர் அண்ணாந்து பார்த்து, “குட்” என்றார். பிறகு பார்வை கீழே இறங்கியது. “இது யார் சீட்? எங்கே ஆள்?”

டீக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல ஸ்டெல்லா வாயெடுத்தாள். ஆனால் ஃபேன் நின்றிருந்தது. மற்றவர்கள் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுப்ரியா திரும்பி வரும்வரை காத்திருந்தார்.

சுப்ரியாவுக்கு ஜீடிமெட்லா பக்கத்து அலுவலகத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அங்கிருந்து மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவர முடியாது. சுப்ரியா சண்டை போட்டிருந்தால்கூட ஸ்டெல்லா தாங்கியிருப்பாள். அவள் மேஜையைக் காலி செய்தபடி மெதுவாகத்தான் பேசினாள்.

“ஒரு ஃபேன் ஆண்ட்டி. ஓடியிருந்தா சாலு, போதும்.”

“தப்புதான் கண்ணு. அந்த கோபி எல்லார் முன்னாடியும் கேட்டுட்டான்னு...”

“நக்கோ ஆண்ட்டி. விடுங்க.”

ஸ்டெல்லா போன் செய்து பார்த்தாள். முதலில் தெலுங்கில் இரண்டு வார்த்தை பதில் வந்தது. அப்புறம் எடுப்பது நின்றுபோனது. ஸ்டெல்லா ரசம் வைப்பதை விட்டுவிட்டாள்.

அந்த வருஷம் கரண்ட்டை அதிகம் மிச்சம் பிடித்த அலுவலகம் என்று சான்றிதழ் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, ஸ்டெல்லாவின் தலைக்கு மேலேயே மாட்டினார்கள். கைதட்டல்கூட உண்டு. இப்போது யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டு மணியானால் அவரவரே அணைத்துவிட்டுக் கும்பலாகக் கிளம்பிவிடுகிறார்கள். அவளை யாரும் கூப்பிடுவதில்லை.

ஒருநாள் அப்படி எல்லோரும் போன பிறகு, ஸ்டெல்லா மோர்சாத டப்பாவைத் திறந்து வைத்தாள். பிறகு எழுந்துபோய் சுப்ரியா சீட்டு ஃபேனைப் போட்டாள். இன்னும் வேறு யாரையும் அமர்த்தாத சீட்டு. ஃபேன் கிறீச்சிட்டுச் சுற்றத் தொடங்கியது. அவள் தன் இடத்துக்குத் திரும்பிச் சாப்பிட ஆரம்பித்தாள். அன்று சாதம் தொண்டையில் இறங்கியது.

தண்ணீர்க் கேன் மாற்ற வந்த கோபி அண்ணாந்து பார்த்தான். ஸ்விட்சைத் தட்டினான். இப்போது அவன் குரலில் கேலி இல்லை; நல்ல பிள்ளையாகத்தான், “அங்கே யாரும் இல்லையே மேடம்” என்று தெலுங்கில் சொன்னான்.

“ஆமா கோபி. யாரும் இல்ல” என்றாள் ஸ்டெல்லா.

சுப்ரியா போன பிறகு அந்த அலுவலகத்தில் அவள் பேசிய முதல் தமிழ் அது. கோபிக்குத் தமிழ் தெரியாது.