பச்சை ஜன்னல் வீட்டு விருந்தாளிகள்

அந்தப் பச்சை இனித்தது. நானும் ஒருமுறை நக்கிப் பார்த்திருக்கிறேன். பர்மாவில், பபேடான் பேட்டையில் மூன்றாம் மாடி வீடு. மழை குடித்துக் குடித்து ஜன்னலின் பச்சைப் பெயிண்ட் அப்பளம் போல எழும்பும். இரண்டு வயதுத் தம்பி அதைப் பிய்த்துத் தின்பான்.

ஒரு மழைக்காலத்தில் அவன் சோற்றை வெறுத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். கற்றிருந்த நாலு வார்த்தையையும் மறந்தான். பச்சை படிந்த அவன் நகக்கண்ணைப் பார்த்த டாக்டர், பழைய பெயிண்டில் ஈய விஷம் இருக்கும், வீட்டை மாற்றுங்கள் என்றார். கீழே வெற்றிலை விற்ற பர்மியப் பெண் அம்மாவிடம் மிச்சத்தைச் சொன்னாள்: எங்களுக்கு முன் இருந்தவர்களின் குழந்தைக்கும் இதேதான். வீட்டுக்காரருக்குத் தெரியும். மேலே ஒரு பூச்சு பூசி எங்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்.

அம்மா கேட்டபோது வீட்டுக்கார மாமா சிரித்தார். "பழைய வீடுன்னா உதிரத்தாம்மா செய்யும். மரத்துல இலை உதிரல?"

"இலையத் தின்னா புள்ளைக்குப் பேச்சு நிக்குமாண்ணே?"

அப்பா புகார் எழுதிக்கொண்டு வார்டு ஆபீசுக்குப் போனார். போன வேகத்திலேயே திரும்பினார். எத்தனை வருடம் குடியிருந்தாலும் அங்கே எங்கள் பெயர்கள் விருந்தாளிப் பட்டியலில்தான், மாமாவின் கையெழுத்துக்குக் கீழே. விருந்தாளி புகார் கொடுக்க வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டுமாம்.

"அவர் மேல புகார், அவர்கிட்டயே கையெழுத்தா?" என்றாள் அம்மா.

"கத்தாதடி. அவர் நம்ம பேரை அடிச்சிட்டா நாம ரயிலடியிலதான் படுக்கணும்."

விஷயம் மாமா காதுக்கும் போனது. கோபப்படவில்லை. "மிங்கலா தாங்ஞுன்ட்ல வீடு பாத்துக்குங்க. பேர் மாத்தல் தாள்ல கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அது இல்லாம அங்க பதிய மாட்டாங்க. இந்த வீட்டைப் பாக்க வர்றவங்ககிட்ட மட்டும் ஒண்ணும் பேச வேணாம்."

நாங்கள் மூட்டை கட்டிய அன்று ஒரு பர்மியப் பெண் இடுப்பில் குழந்தையோடு வீடு பார்க்க வந்தாள். குழந்தை ஜன்னலை நோக்கிக் கை நீட்டியது. "வீடு எப்படி அக்கா?" என்று பர்மியத்தில் கேட்டாள். மாமா பக்கத்திலேயே நின்றார். தாளில் இன்னும் கையெழுத்து விழவில்லை. அம்மா தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நல்ல காத்து வரும்" என்றாள், பர்மியத்திலேயே.

நாலு வார்த்தை பர்மியம் பேசுவதற்குள் தமிழுக்குத் தாவிவிடுகிற அம்மா, அன்று எங்கும் தடுமாறாமல் பேசினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. படியிறங்கும்போது அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.