பாம்புக்கு மூச்சு கொடுத்த மத்தியானம்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, கரமனையில் எங்கள் வீட்டு மாடியறையில் மாமா ஒரு பாம்பு வளர்த்தார். மாமா அம்மாவின் தம்பி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வெளிநாட்டுப் பாம்பு, விஷமில்லை, பால் பைதான் என்று பெயர் என்றார். பால் குடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பால் என்றால் இங்கிலீஷில் பந்து, பந்துபோலச் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயராம். அது வந்த நாளிலிருந்து அம்மா மாடிப்படி ஏறுவதையே நிறுத்திவிட்டாள்.

அந்த மழைக்காலத்தில் பாம்பு விசிலடிக்கத் தொடங்கியது. தலையைத் தூக்கி, வாயை லேசாகத் திறந்து, மெல்லிய சத்தம். பக்கத்தில் உட்கார்ந்து விசிலடித்துக் காட்டியவள் நான் என்பதால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமாவின் பிறந்தநாளுக்குக் காட்டலாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் அது இரையைத் தொடாமல் கிடக்கவே மாமா டாக்டரிடம் கொண்டுபோனார். நானும் போனேன். என்னைப் பாம்போடு தனியாக அனுப்ப மனமில்லாமல் அம்மாவும் வந்தாள்.

"இந்தச் சத்தம் எத்தனை நாளா உண்டு?" என்று டாக்டரம்மா மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஒரு வாரமா. நான்தான் பழக்கினேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மூச்சுக்குழாயில் உளுந்தளவு ஒரு கட்டி. "பரவுற ஜாதி இல்லை. பட்சே வழியை அடைக்குது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையும் சேர்த்துத் தைக்கணும்" என்றார். மாமா தலையாட்டினார். முகம் வெளுத்திருந்தது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் மயக்கம் தெளியாததால் பாம்பு தானாக மூச்சுவிடவில்லை. வாயில் ஒரு குழாய், அதன் நுனியில் ரப்பர் பை. அதை நிமிஷத்துக்கு மூன்று தரம் மெதுவாக அமுக்க வேண்டும். டாக்டரே அமுக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வண்டியில் அடிபட்ட நாயொன்றைத் தூக்கி வந்தார்கள். பையை மாமாவின் கையில் கொடுத்துவிட்டு டாக்டரும் உதவியாளரும் ஓடினார்கள். மாமா வேகவேகமாக அமுக்கினார்.

"இங்க கொடுடா. நீ எண்ணு, நான் அமுக்கறேன்" என்றாள் அம்மா.

மாமா எண்ணினார். அம்மா ஒரு கையால் பையை அமுக்கினாள். மறுகையைப் பாம்பின் மேல் வைத்திருந்தாள். முக்கால் மணி நேரம் போயிருக்கும். பாம்பின் விலா தானாக உயர்ந்து தாழ்ந்தது.

"அக்கா, போரும். அதுவே விட்டுக்கறது."

"இருக்கட்டும். இன்னும் ரெண்டு தரம்."

மாமா சட்டைக்கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாம்பு பிழைத்தது, பல வருஷம் இருந்தது. திரும்ப விசிலடிக்கவேயில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில், பாம்பைத் தொட்டால் எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? நான் அவன் மூஞ்சியைன்னா பார்த்துண்டிருந்தேன்" என்றாள்.

பாம்புக்கு மூச்சு கொடுக்கிறவள் எதற்கு மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.