கல்லில் தெரிந்த முகம்

உறுதியாக அறிந்தவற்றை மட்டுமே இங்கு எழுதுகிறேன். கேட்ட செய்தியோடு சிறிது கற்பனையைக் கலந்து ஒருவனை நகைப்புக்கு ஆளாக்க முற்பட்டவன் நான். ஆகவே, நினைவில் ஐயமுள்ள எதையும் சேர்க்கப் போவதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் இறுதியில், சிவகாசியில் கல்லச்சுக்கூடம் ஒன்றில் ஓவியனாக இருந்தேன். வயது இருபத்து மூன்று. வழவழப்பான கல்லின்மேல் எண்ணெய் மசியால் படத்தையும் எழுத்தையும் இடவலம் மாற்றி வரைவோம். தாளில் ஒற்றும்போது அவை நேராக விழும். தீப்பெட்டிச் சீட்டுகளுக்குக் கிளியையும் தாமரையையும் படியெடுத்தே நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. சொந்தமாக ஒரு படக்கதை வரைந்து அதை அச்சில் காண்பதே என் வேட்கை.

அவ்வாண்டு பட்டாசுக் கம்பெனி ஒன்று தீபாவளி விலைப்பட்டியலுக்கு ஆர்டர் கொடுத்தது. தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. முதலாளியிடம் மன்றாடி, அதில் ஆறு கட்டங்களில் ஒரு நகைச்சுவைப் படக்கதை வரைய இசைவு பெற்றேன்.

கதைக்குப் பொருள் எளிதாகவே கிடைத்தது. அச்சடித்து முடிந்த கல்லை மணலும் நீரும் இட்டுத் தேய்த்துப் பழைய படத்தைப் போக்கும் வேலையில் என் நண்பன் ஒருவன் இருந்தான். அவன் அந்த மாதந்தான் சாத்தூருக்குப் பெண் பார்க்கப் போய் வந்திருந்தான். பெண் காப்பித் தட்டோடு வந்ததும், டம்ளரை எடுக்காமல் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டானாம்.

“மொதலாளியக் கண்டா எந்திரிச்சு எந்திரிச்சே பழகிருச்சுலே. தட்டு அவ கையில, என் கை நெத்தியில” என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

அதை வரைந்தேன். அது போதாதென்று, அவன் கை பட்டுக் காப்பி பெண்ணின் தகப்பனாரது வழுக்கைத் தலையில் கொட்டுவதாகவும் சேர்த்தேன். மூன்று நாள் உழைப்பில் கல் நிறைந்தது. அச்சுக்கூடத்தார் பார்த்துச் சிரித்தார்கள். அது யாரென்று ஒருவருக்கும் புலப்படவில்லை. நான்காம் நாள் காலையில் நண்பன் கல்லருகே வந்து நின்றான்.

“ஏலே, இது நான்லே!”

“யாரு சொன்னா?”

“தெனம் செரைக்கையில கண்ணாடியில பாக்குற மூஞ்சி எனக்குத் தெரியாதாக்கும்?”

இடவலம் மாறிய அந்த முகம் மற்றவர்களுக்கு அயல் முகம்; அவனுக்கோ அதுதான் சொந்த முகம். இதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. தாளில் நேராக விழுந்தால் மற்றவர்களும் அவனை அறிந்துகொள்வார்கள்.

“அவுக தலையில நான் எப்பலே காப்பி ஊத்துனேன்? அவுக கடையில தீவாளிக்கு வெடி விக்காக. இந்தத் தாளு அங்கன போகும்ல. இன்னும் சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. நான் என்னத்தச் சொல்ல? ஒம் படம், ஒன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தான்.

அழிக்கும் தொழில் அவனுடையது. ஆயினும் அழித்துவிடு என்று அவன் கேட்கவில்லை. நானே முதலாளியிடம் சென்று, கல்லை அழிக்கப் போவதாகச் சொன்னேன்.

“கிறுக்குப் புடிச்சிருச்சா? நாளைக்குப் பொழுது சாய மிஷின்ல ஏத்தணும். அதுக்குள்ள வேற படம் வரலேன்னா பழைய பூக்கொடிக் கல்லப் போட்டுருவேன். பொறகு படம் கிடம்னு எங்கிட்ட வரப்படாது.”

“படம் வந்துரும் மொதலாளி.”

மணலை இட்டு நானே தேய்க்கத் தொடங்கினேன். தோள் கடுத்தது, படம் மங்கியதே தவிரப் போகவில்லை. சற்றுத் தொலைவில் நின்று பார்த்திருந்த நண்பன் பொறுக்கமாட்டாமல் வந்தான்.

“தேய்க்கவும் வரல, வரையவும் வரல. தள்ளுலே!”

முதலில் வழுக்கைத் தலையைத் தேய்த்தான். தன் முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டான். அதை ஒரு கணம் பார்த்து, “நல்லாத்தாம்லே வரைஞ்சிருக்க” என்றான். பிறகு அதையும் தேய்த்தான்.

ஒருவருக்கும் சொல்லாத கதை ஒன்று என்னிடமும் இருந்தது. முந்தைய ஆண்டு காரியாபட்டியில் பெண் பார்க்கச் சென்றபோது, என் முகவரியை எழுதித் தருமாறு பெண்ணின் தகப்பனார் தாளை நீட்டினார். கதவருகே பெண் நிற்க, பதற்றத்தில் என் கை பழக்கப்படி ஓடியது. எழுத்து முழுவதும் இடவலம் மாறிவிட்டது. அவர் தாளைத் திருப்பி, வெயிலுக்கு நேரே பிடித்துப் படித்தார். அந்த முகவரிக்குக் கடிதம் எதுவும் வரவில்லை.

அதைத்தான் வரைந்தேன். நேரம் போதாமையால் ஆறு கட்டங்கள் மூன்றாயின. எதிரே கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். அதில் தெரிந்ததை அப்படியே கல்லில் இறக்கினால் போதும். தாளில் நான் நானாகவே விழுவேன். கல்லில் இடவலம் மாற்றி எண்ணாமல் நான் வரைந்த முதற்படம் அதுவே. மறுநாள் பொழுது சாயுமுன் கல் மிஷினில் ஏறியது.

“நீ என்னய விட மோசம்லே!” என்று தாளைப் பிடித்துக்கொண்டு நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்குச் சாத்தூர்ப் பெண்ணே அமைந்தாள். பின்னர் நான் வரைந்த படக்கதைகள் பல. எதிலும் சிரிப்புக்கு முதல் ஆளாக என்னையே நிறுத்தினேன். அவ்வுறுதி இன்றுவரை தளரவில்லை.

அந்தத் தாளில் ஒரு படிகூட என்னிடம் இல்லை. சாத்தூர்க்காரர் அதைப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. காரியாபட்டிக்கு அது போயிற்றா, போயிருந்தால் கதவருகே நின்ற அந்தப் பெண் அதைக் கண்டு சிரித்தாளா என்பதும் தெரியாது.