கண் திறந்திருக்கும் அரை மணி நேரம்

ஐப்பசி பதினெட்டு, காலை ஐந்து இருபது. சாரல்; பத்தடிக்கு அப்பால் தேவனூரே தெரியாத பனி. எங்கள் பசு செவலையின் வலது பின்காம்பிலிருந்து பாலுக்குப் பதில் தண்ணீரும் திரிந்த கட்டியுமாக வந்தது. மடி சுட்டது. இதுவரை உதைத்தறியாதவள் உதைத்தாள்.

எங்களைப் போல் ஒற்றைப் பசுவை நம்பியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எது எதனால் கெட்டது என்பது எனக்கே இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

மிளகுக்கொடிக்கு அடியில் நின்றால்தான் எங்களுக்குச் சிக்னல். அங்கிருந்து கால்நடை மருத்துவரம்மாவை அழைத்தேன். மனைவி பாப்பாத்தியும் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். மடி அழற்சி (கிருமி புகுந்து பால்மடி வீங்குவது) என்றார். ரோட்டில் மரம் விழுந்து கிடப்பதால் நாளை மறுநாள்தான் வர முடியுமாம். பிறகு குரல் கரகரத்தது.

"கண்ணுதாங்க காரணம். கறந்ததும் கண்ணு... கொஞ்ச நேரம் பாத்து..."

போன் அறுந்துவிட்டது.

படித்தவரே கண்ணேறு என்கிறாரே என்று திகைத்தேன். ஆனாலும் சாக்குகளைத் தைத்துக் கொட்டிலை மறைத்தேன். பூசணிக்காய் சுற்றி உடைத்தேன்.

பாப்பாத்தி ஒப்பவில்லை. "கன்னுன்னு தானுங்க சொன்னாங்க. அது முட்டி முட்டிக் குடிச்சுத்தான் புண்ணாக்கிருச்சு." கன்றைப் பிடித்துத் தூரத்தில் கட்டினாள்.

யார் கேட்டது சரி என்று நாங்கள் சண்டையிட்டுக்கொண்டிருக்க, செவலை ஒவ்வொரு முறையும் கறந்தவுடனே ஈரத்தரையில் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் முன்காம்பும் வீங்கியது. செய்தி தெரிந்து முள்ளுக்குறிச்சி வியாபாரி வந்து விலை சொன்னார். அது கறிக்கான விலை.

"இவளை ஏத்தற லாரியில என்னையும் ஏத்திக்குங்க," என்றாள் பாப்பாத்தி.

யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பினேன். எதை யோசிப்பது என்றுதான் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மருத்துவர் வந்தார். "ஏனுங்க, மாட்டைப் பொண்ணு பாக்க வாராங்களா? படுதா எல்லாம் பலமா இருக்குது!"

விவரம் சொன்னேன். சிரிக்கத் தொடங்கியவர், மடியைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டார். காம்பின் நுனியைத் திருப்பிக் காட்டினார். கடுகை விடச் சிறிய துளை.

"காம்புக்கண்ணுங்க இது. கறந்ததும் அரை மணி நேரம் தெறந்தே கெடக்கும். அப்பப் படுத்தா தரையில கெடக்கற கிருமி இதுவழியா ஏறிரும். தீனி போட்டு நிக்க வெய்யுங்கன்னு சொன்னனுங்க."

"பூசணிக்கா சுத்த நல்லாத் தெரியுது. கேக்கத்தான் தெரியலை," என்றாள் பாப்பாத்தி என்னிடம், தான் கட்டிவைத்த கன்றை மறந்து.

ஐந்து நாள் ஊசி, காம்புக்குள் ஏற்றும் மருந்து. மருந்து கலந்த பாலை விற்கக் கூடாது என்பதால் குழி வெட்டி ஊற்றினோம். முன்காம்பு பிழைத்தது. பின்காம்பு வறண்டேபோனது. வியாபாரிக்கு இல்லை என்று சொல்லியனுப்பினேன்.

என் விரல்கள் இன்னும் வறண்டுபோன அந்த நான்காம் காம்பைப் பிடித்துப் பார்க்கின்றன. கறந்து முடித்ததும், கண் மூடும்வரை, புல்லை நீட்டியபடி நானும் நிற்கிறேன். முழங்கால் கடுக்கிறது. அவள் படுத்த பிறகுதான் எனக்கு விடிகிறது.

மொத்தச் செலவு ஆறாயிரத்து நூற்றுப் பத்து ரூபாய், பூசணிக்காய் உட்பட.